எங்கப்பன் குதிருக்குள்ள இல்ல!

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தான் அக்கா மகன். சென்னையில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். அக்காவின் செல்போனைச் சுட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போனவன், திரும்பி வந்து, யாரும் எதுவும் கேட்காமலே, "கொல்லையில ஒண்ணும் இல்லம்மா" என்றான். அரிசி களைந்துகொண்டிருந்த அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எங்கப்பன் குதிருக்குள்ள இல்லன்னானாம்" என்றாள். பையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டோமே என்று அல்ல, அம்மா தமிழைத் தப்பாகச் சொல்கிறாளே என்று. "குதிர் இல்லம்மா, குதிரை. பெரிய மரக்குதிரை செஞ்சு அதுக்குள்ள ஆளுங்க ஒளிஞ்சிருப்பாங்கல்ல, அந்த மாதிரி" என்று ட்ராய் நகரத்துக் கதையை எங்களுக்கு விளக்க ஆரம்பித்தான்.

அன்று ராத்திரியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு செய்தி போட்டார். பழமொழிகளை நாம் எல்லோரும் தப்பாகவே புரிந்து வைத்திருக்கிறோமாம். 'மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே' என்பதில் வருவது குதிரையே இல்லையாம். அது 'மண்குதிர்', அதாவது ஆற்றின் நடுவே குவிந்து கிடக்கும் மணல்திட்டாம். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள், 'அருமை சித்தப்பா'க்கள்.

ஆக, ஒரே நாளில், ஒரே குடும்பத்தில், நிஜக் குதிர் ஒன்று குதிரையானது. நிஜக் குதிரை ஒன்று குதிரானது.

காலியான குதிர்

குதிர் என்பது நெல் கொட்டி வைக்கும் மண்கூடு. களிமண்ணில் வைக்கோல் கூளமும் உமியும் போட்டு மிதித்து, உறை உறையாகச் செய்து காயவைப்பார்கள். காய்ந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பொருத்துகளில் சேற்றை அப்பி, சாணம் போட்டு மெழுகுவார்கள். நெல்லை மேல்வாய் வழியாகக் கொட்ட வேண்டும். அடியில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை இருக்கும். பழந்துணியைச் சுருட்டி அடைத்திருப்பார்கள். அடைப்பைப் பிடுங்கினால் நெல் தானாகச் சரிந்து முறத்தில் விழும். எங்கள் வீட்டுக் குதிரின் அடைப்பைப் பிடுங்கும் உரிமை அப்பாயி ஒருத்திக்குத்தான் இருந்தது.

பெரிய குதிர் ஆள் உயரம் இருக்கும். நெல் இருக்கும்வரை அதற்குள் எலி நுழையத்தான் இடம். நெல் தீர்ந்துபோன ஆடி மாதத்தில் ஒரு ஆள் தாராளமாக இறங்கி உட்கார்ந்துகொள்ளலாம். கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நிற்கும் மாதமும் அதுதான். சொலவடையின் கதை எல்லோருக்கும் தெரியும்: கடன்காரர் வருகிறார், அப்பன் குதிருக்குள் இறங்கிக்கொள்கிறான், பிள்ளையிடம் 'நான் இல்லன்னு சொல்லு' என்று சொல்லி வைக்கிறான். 'அப்பா எங்கடா?' என்ற கேள்வி வந்ததுமே பிள்ளை அப்பன் சொன்னதற்கு மேலே கொஞ்சம் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. பிள்ளையின் வெகுளித்தனத்தைச் சொல்லி நாம் சிரிக்கிறோம். எனக்கோ அந்தக் குதிர்மேல்தான் கண். அது காலியாக இருந்ததால்தானே அப்பனால் உள்ளே போக முடிந்தது? குதிர் நிறைந்திருந்தால் ஒளிய இடம் இருந்திருக்காது. ஒளிய வேண்டிய அவசியமும் இருந்திருக்காது. ஒரு குடியானவன் வீட்டு வருஷக் கணக்கையே இந்த மூன்று வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டார்கள்.

இன்று டெல்டாவில் அறுவடை இயந்திரத்திலிருந்து டிராக்டருக்கு, டிராக்டரிலிருந்து அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு என்று வயலிலிருந்தே நெல் போய்விடுகிறது. வீட்டுக்கு வருவது கடையில் வாங்கிய அரிசிமூட்டை. குதிருக்கு வேலையில்லை. பொருள் போய்விட்டது, சொலவடை நின்றுவிட்டது. உள்ளே ஒன்றுமில்லாத அந்தச் சொல்லுக்குள் என் அக்கா மகன் ஒரு குதிரையைக் கொண்டுவந்து கட்டியதில் தப்பே இல்லை. அவன் பார்த்தது குதிரைதான்.

வேறு ஊரில் பிறந்திருந்தால் அப்பன் வேறு எதிலாவது ஒளிந்திருப்பான். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் இதே மண்கூட்டுக்குக் 'குலுக்கை' என்று பெயர். மூங்கிலில் பின்னி மண் பூசினால் 'தொம்பை'. வசதியான வீடுகளிலும் நாஞ்சில் நாட்டிலும் பலகையால் செய்த 'பத்தாயம்'. களத்திலேயே வைக்கோல் பிரி சுற்றிக் கட்டினால் 'சேர்'. திருநெல்வேலிப் பக்கம் வைக்கோலுக்குள் நெல்லை வைத்து இறுகக் கட்டுவதற்குக் 'கோட்டை' என்று பெயர்; அதுவே அளவின் பெயருமானது. கோட்டைக்கு இருபத்தொரு மரக்கால். பத்தாயம் என்றதும் அடூர் கோபாலகிருஷ்ணனின் 'எலிப்பத்தாயம்' (1981) படம் ஞாபகம் வரும் சினிமா ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை: அது நெல் பத்தாயம் இல்லை, எலிப்பொறி.

கழுதைக்கு என்ன தெரியும்?

சித்தப்பாவின் மணல்திட்டுக்கு வருவோம். இந்த 'உண்மைப் பொருள்' வகையறாவுக்கு ஒரு பாணி உண்டு. பழமொழியை எடுத்துக்கொள்வது, சொல்லை நடுவில் வெட்டுவது, வெட்டிய துண்டுகளுக்கு ஒரு புதுப் பொருளைக் கட்டுவது, 'நம் முன்னோர் முட்டாள்கள் அல்ல' என்று முடிப்பது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பது இப்படித்தான் 'கழு தைக்கத் தெரியுமாம் கற்பூர வாசனை' ஆனது. கழு என்பது ஒரு வகைக் கோரையாம், அதைப் பாயாகத் தைத்துப் படுத்தால் கற்பூரம் மணக்குமாம்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் கழுதை தனியாக இல்லை. கன்னடத்தில் இதே கழுதைக்குக் கஸ்தூரியின் பரிமளம் தெரியாது. தெலுங்கில் இதே கழுதைக்குச் சந்தனத்தின் வாசனை தெரியாது. கன்னடத்துக் கத்தெயையும் தெலுங்கு காடிதையையும் எங்கே வெட்டினாலும் கோரைப்பாய் கிடைக்காது. மூன்று மொழிக்காரர்களும் பார்த்தது ஒரே காட்சியை: வாசனைச் சரக்கு மூட்டையை முதுகில் சுமந்துகொண்டு, அது என்னவென்றே தெரியாமல் சந்தைக்கு நடக்கும் ஒரு கழுதை. அந்தந்த ஊரில் எந்தச் சரக்குக்கு மதிப்போ அது மூட்டையில் ஏறியது. கழுதை மட்டும் மாறவே இல்லை.

'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்பதும் அப்படித்தான். பேர் இல்லை, வேர். ஆயிரம் வேரைப் பிடுங்கி மருந்து கற்றவன் என்று திருத்தம் சொல்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் பாதிரிமார்கள் ஊர் ஊராகக் காது கொடுத்துக் கேட்டுப் பழமொழிகளைத் தொகுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு பைபிளை மொழிபெயர்த்தாரே பெர்சிவல், அவர் 1874இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை அச்சில் கொண்டுவந்தார். 1894இல் லாசரஸ் ஒரு பழமொழி அகராதியே போட்டார். 1897இல் ஜென்சன் வகை வகையாகப் பிரித்துக் கொடுத்தார். அந்தக் காலத் தொகுப்புகளில் வைத்தியன் கொல்வது பேரைத்தான், வேரை இல்லை. வைத்தியரைக் கிண்டல் செய்யாத நாடு உலகத்தில் எங்கே இருக்கிறது? நம் பாட்டன்மார்களுக்கு மட்டும் கிண்டல் வராது என்று ஏன் முடிவு கட்ட வேண்டும்? பழமொழிகளை எல்லாம் நல்லொழுக்கப் பாடமாக்கிவிடும் இந்த ஆசைமேல்தான் எனக்குக் கோபம். சிரித்துக்கொண்டே சொன்னதைக் கைகூப்பிக்கொண்டே திருத்துகிறார்கள்.

மண்குதிரைக்கும் பதில் ஊரிலேயே இருக்கிறது. நான் காவிரிக்கரைக்காரன். ஆற்று நடுவே மண் மேடிட்டால் எங்கள் பக்கம் 'திட்டு' என்போம், 'மணல்மேடு' என்போம். பழைய பெயர் 'துருத்தி'. குத்தாலத்தின் தேவாரப் பெயர் திருத்துருத்தி. தஞ்சாவூர் அருகே திருப்பூந்துருத்தி. 'அரங்கம்' என்றாலும் அதுதான். காவிரி இரண்டாகப் பிரிந்து சுற்றும் இடத்தில் இருப்பதால் அது திருவரங்கம். ஆற்றோடு வாழ்ந்தவர்கள் ஆற்றுமேட்டுக்கு இத்தனை பெயர் வைத்திருக்கிறார்கள். எங்களுக்குக் குதிர் என்றால் நெல் கொட்டுவதுதான்.

மண்குதிரையோ கண்ணுக்கு எதிரே நிற்கிறது. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் போனால் அய்யனார் கோயில் வாசலில் வரிசையாக நிற்கும். வேளார்கள் செய்துகொடுக்க, ஊரே தோளில் தூக்கிக்கொண்டு போகும் புரவியெடுப்பு இன்றும் நடக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் இதோ கிளம்பிவிடும் என்பது போன்ற மிடுக்கு. சூளையில் வெந்த குதிரை ஆற்றில் கரையாது என்பது வாஸ்தவம். ஆனால் நீந்தவும் நீந்தாது. தோற்றத்தைப் பார்த்து நம்பி ஏறாதே என்பதற்கு இதைவிட நல்ல படம் ஏது? சித்தப்பாவுக்கு இதை எழுதி அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது.

பட்டுக்குஞ்சம் ஒன்று, கட்டை பல

சொலவடை எங்கிருந்து வந்தது என்று பார்க்க எழுத்தை வெட்டுவதைவிட, ஊர்விட்டு ஊர் அதை நடத்திப் பார்ப்பது நல்லது. தகுதியில்லாத இடத்தில் ஆடம்பரம் செய்தால் சென்னைக்காரர் 'தொடப்பக்கட்டைக்குப் பட்டுக்குஞ்சமா' என்பார். மதுரையில் அது 'வெளக்குமாத்துக்கு'. கொங்கு நாட்டில் 'சீமாத்துக்கு'. நெல்லையிலும் நாஞ்சிலிலும் 'வாரியலுக்கு'. பட்டுக்குஞ்சம் எல்லா ஊரிலும் பட்டுக்குஞ்சமாகவே இருக்கிறது. கட்டை மட்டும் அந்தந்த வீட்டு மூலையில் சாத்தி வைத்ததாகிவிடுகிறது. குஞ்சத்தின் பெயர் ஏன் மாறவில்லை? பட்டு எல்லோருக்கும் வெளியிலிருந்து வந்த சரக்கு. கடைக்காரன் சொன்ன பெயரே பெயர். துடைப்பம் மட்டும்தான் அவரவர் கையால் கட்டியது.

இந்த ஊர்ப்பேச்சு மாற்றம் நேற்று வந்ததில்லை. தொல்காப்பியம் செந்தமிழ் நிலத்தைச் சுற்றிப் பன்னிரண்டு நிலம் என்று கணக்குச் சொல்லி, அங்கே வழங்குபவற்றைத் திசைச்சொல் என்கிறது. உரையாசிரியர்கள் உதாரணங்களை அடுக்குகிறார்கள்: குட்டநாட்டார் தாயைத் 'தள்ளை' என்பார்கள், குடநாட்டார் தந்தையை 'அச்சன்' என்பார்கள், இன்னொரு நாட்டார் வயலைச் 'செய்' என்பார்கள். அச்சன் இன்றும் மலையாள வீடுகளில் இருக்கிறார். தள்ளையைக் கன்னியாகுமரிப் பக்கம் இன்றும் கேட்கலாம், பெரும்பாலும் சண்டையில். செய் என்பது நன்செய், புன்செய் என்று பட்டாவில் ஏறிக்கொண்டது.

ஊர்ப்பேச்சு என்னை நன்றாக மாட்டிவிட்டதும் உண்டு. பல வருஷம் முன்னால் ஒரு வேலையாகக் கோபிச்செட்டிபாளையம் பக்கம் போயிருந்தேன். ஒரு பெரியவர், "நாளைக்குப் பொழுதோட வந்துருங்க தம்பி, பேசிக்கலாம்" என்றார். எங்கள் ஊரில் பொழுதோடு வா என்றால் வெளிச்சம் இருக்கும்போதே, நேரத்தோடு வந்துவிடு என்று பொருள். மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். பல் விளக்கிக்கொண்டிருந்த மனிதர் திகைத்துப்போனார். கொங்கு நாட்டில் 'பொழுதோட' என்றால் சாயங்காலம். ஆனாலும், "வந்தது வந்துட்டீங்க, உக்காருங்க, சாப்புட்டுட்டுப் போவீங்களாமா" என்று இலை போட்டுவிட்டார். அவர் வீட்டில் அன்று 'ஒரம்பரை' வந்திருந்தது. உறவினர்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று புரிய எனக்கு இன்னொரு இட்லி ஆனது.

உறவுமுறைச் சொற்களில் ஏமாறுவது இன்னும் சுலபம். செட்டிநாட்டு நகரத்தார் வீட்டில் 'அப்பச்சி' என்றால் அப்பா. கொங்கு நாட்டில் 'அப்புச்சி' என்றால் அம்மாவைப் பெற்ற தாத்தா. ஓர் எழுத்தில் ஒரு தலைமுறை தாண்டிவிடுகிறது.

இந்தச் சொற்களை எல்லாம் அச்சில் ஏற்றும் வேலையைப் பல்கலைக்கழகங்களுக்கு முன்னால் எழுத்தாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1982இல் கி. ராஜநாராயணனின் 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி' வந்தது. ஒரு கரிசல் சம்சாரி தன் ஊர்ப்பேச்சுக்கு அகராதி போடுகிறார் என்பதே அன்று புதுசு. பின்னால் பெருமாள்முருகன் கொங்கு நாட்டுக்குச் செய்தார், விருத்தாசலம் பக்கத்துக் கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்குச் செய்தார், அ.கா. பெருமாள் நாஞ்சிலுக்கு. பழமொழிக்கு விளக்கம் தேடுகிறவர்கள் வாட்ஸ்அப்பைத் திறப்பதற்கு முன்னால் இவற்றில் ஒன்றைப் புரட்டலாம். அதில் குலுக்கையும் தொம்பையும் ஏதாவது ஒரு பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்.

வெட்டியும் துட்டும்

சில சொற்கள் நம் வாயில் தினமும் புழங்கும், அவற்றுக்குள் இருக்கும் சங்கதி மட்டும் தெரியாது. 'வெட்டியா சுத்துறான்', 'வெட்டி ஆபீசர்', 'வெட்டிப் பேச்சு'. வெட்டி என்பது சோழர் காலக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல். வரிப்பட்டியலோடு சேர்ந்து வரும். கூலி இல்லாமல் கட்டாயமாகச் செய்து கொடுக்க வேண்டிய வேலைக்கு அது பெயர். வாய்க்கால் வெட்டு, ஏரிக்கரை போடு, கோயில் வேலைக்கு வா. செய்தால் கையில் ஒன்றும் வராது, செய்யாவிட்டால் விடமாட்டார்கள். செய்தவனுக்குப் பயன் இல்லாத வேலை என்பது நாளாவட்டத்தில் பயனே இல்லாத வேலை என்று ஆகி, கடைசியில் வேலையே செய்யாதவனுக்குப் பட்டமாகிவிட்டது. முதுகு ஒடிய உழைத்தவனின் சொல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவனுக்குப் போய்ச் சேர்ந்த அநியாயத்தை எந்தக் கல்வெட்டிலும் பார்க்க முடியாது. திருவிதாங்கூரில் இதே மாதிரியான கட்டாய வேலைக்கு 'ஊழியம்' என்று பெயர். அது மட்டும் எப்படியோ தப்பித்து, பஞ்சப்படி வாங்கும் அரசு ஊழியர் ஆகிவிட்டது.

காசு விஷயத்தில் நம் பேச்சு ஒரு பழைய நாணயக் கடை. 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பதில் வரும் பணத்தை வெறும் காசு என்று நினைத்துக்கொண்டால் கணக்கு உதைக்கும். பணம் என்பது ஒரு நாணயத்தின் பெயர். கம்பெனி காலத்துச் சென்னையில் ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. 1818இல் ரூபாய் வந்து இதை எல்லாம் ஓரம் கட்டியது. இப்போது கூட்டிப் பாருங்கள்: காலும் முக்காலும் சரியாக ஒரு பணம். சந்தைக்குப் போனவன் ஒரு நாணயத்தோடு போய், அதில் முக்கால்வாசியைத் தூக்கி வந்தவனிடம் கொடுத்துவிட்டு வீடு வந்திருக்கிறான். சும்மா மோனைக்குச் சொன்னதில்லை, சந்தையிலிருந்து திரும்பியவன் சொன்னது.

'அரைக்காசு உத்தியோகமானாலும் அரண்மனை உத்தியோகம்' என்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் புதுக்கோட்டை ஞாபகம்தான் வரும். அந்தச் சமஸ்தானம் தனக்கென்று அம்மன் காசு அடித்தது. ஒரு பக்கம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. அந்த அம்மனுக்கே அரைக்காசு அம்மன் என்று பெயர் நிலைத்துவிட்டது. தொலைந்த பொருள் கிடைக்க இன்றும் அவளுக்குத்தான் வேண்டிக்கொள்கிறார்கள்.

'ஓட்டைக் காலணாவுக்குப் பெறமாட்டான்' என்று திட்டுவார் எங்கள் தாத்தா. கிழிந்த நோட்டு மாதிரி ஓட்டையான காசு என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. இரண்டாம் உலகப் போரில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1943இல் நடுவில் வட்டமாக ஓட்டை போட்டே காலணாக்களை அடித்தார்கள். பிள்ளைகள் அதைக் கயிற்றில் கோத்து வைத்துக்கொள்வார்களாம். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்து அணாவை ஒழித்தது. நாலணா, எட்டணா மட்டும் வாயில் தங்கின. 25 பைசா நாணயமே 2011இல் செல்லாமல் போனது. இருந்தும் 'நாலணாவுக்குப் பிரயோஜனமில்லை' என்று திட்டுவதில் எந்தச் சிரமமும் இல்லை.

சென்னைக்காரர் 'துட்டு' என்கிறாரே, அது டச்சுக்காரர்களின் 'டொய்ட்' என்ற செப்புக்காசு. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டிக்கொண்டு வியாபாரம் செய்தவர்கள் விட்டுப்போனது அது. கன்னடத்தில் துட்டுக்கு 'துட்டு' என்றுதான் பெயர், கொஞ்சம் அழுத்தி உச்சரிப்பார்கள். பேஜார், சோக்கு, நாஷ்டா எல்லாம் உருது வழியாக வந்தவை. மெட்ராஸ் பாஷை என்றால் மட்டம் என்று மூக்கைச் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல்: ரிக்ஷாக்காரர் வாயில் வரும் 'கஸ்மாலம்' அசல் சமஸ்கிருதம். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்த அர்ஜுனனிடம் கிருஷ்ணர் கேட்கும் முதல் கேள்வியிலேயே அது இருக்கிறது.

ஒத்துக்காரர்

என்னைக் கேட்டால், தமிழ்ப் பேச்சில் அதிகமாகச் சொல்லைக் கொட்டியது மேளக்காரர்கள்தான். குறைந்தபட்சம் தஞ்சாவூர் ஜில்லாவில். 'அடக்கி வாசி' என்கிறோம். 'பழைய பல்லவியையே பாடாதே' என்கிறோம். கூட்டுச் சேராதவன் 'தனி ஆவர்த்தனம்' செய்கிறான். முதலாளிக்குப் பிடித்ததைச் சொல்பவன் 'ஜால்ரா', அவனுக்கும் கீழே ஒருவன் சோற்றுக்குச் 'சிங்கி' அடிக்கிறான். கூத்திலிருந்து 'பின்பாட்டு' வந்து சேர்ந்துகொண்டது.

இவற்றில் ஒன்றே ஒன்றுதான் என்னை உறுத்தும்: 'ஒத்து ஊதறான்.' ஒத்து என்பது ஒரு வாத்தியம். பார்த்தால் நாகஸ்வரம் மாதிரியே நீளமாக, அணசு வைத்து இருக்கும். ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளை இல்லை. அடியில் இருக்கும் சில துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி சேர்ப்பார்கள். அதற்குப் பிறகு ஒரே ஒரு சுரம், அவ்வளவுதான். நாகஸ்வரக்காரர் கல்யாணியில் சஞ்சாரம் செய்யட்டும், தவில்காரர் கோர்வை வைத்துக் கைத்தட்டல் வாங்கட்டும். ஒத்துக்காரர் அந்த ஒரு சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

விடாமல் என்றால் மெய்யாகவே விடாமல். கன்னத்தில் காற்றை அடக்கி வைத்துக்கொண்டு, வாயால் ஊதும்போதே மூக்கால் மூச்சு இழுக்கத் தெரிந்தால்தான் அது முடியும். சாமி புறப்பாட்டில் நாலு வீதியும் நடந்துகொண்டே அதைச் செய்ய வேண்டும். நாகஸ்வரக்காரர் நடுவில் நிறுத்தி வெற்றிலை போட்டுக்கொள்வார். ஒத்துக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் ஒரு நொடி மூச்சு வாங்கினால் சபையே திரும்பிப் பார்க்கும். அவர் ஊதிக்கொண்டிருக்கும்வரை அவரை ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

சின்ன வயதில் எங்கள் தெரு வழியே சாமி போகும்போது, ஒத்துக்காரரின் கன்னத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் அடக்கியது போலிருக்கும். கண் மட்டும் நாகஸ்வரக்காரரின் கையைப் பார்த்தபடி இருக்கும். சம்பளத்தில் அவருக்குக் கடைசிப் பங்கு. பெரும்பாலும் வித்வானின் சிஷ்யப்பிள்ளை, அல்லது விரல் தளர்ந்துபோன ஒரு பெரியவர்.

இப்போது அந்த இடத்தில் மின்சாரச் சுருதிப்பெட்டி. ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் கடையும் நரசிங்கம்பேட்டைக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பத்திரிகைகளில் நாகஸ்வரத்தின் படம் பெரிதாக வந்தது. ஒத்தைப் பார்த்த ஞாபகம் எனக்கு வீதியில்தான். ஆனால் எந்தக் கட்சிக் கூட்டம் நடந்தாலும், எந்த ஆபீசில் மேனேஜர் ஜோக் அடித்தாலும், யாராவது ஒருவர் 'ஒத்து ஊதுகிறார்'. முதுகெலும்பு இல்லாதவன் என்ற பொருளில். நாள் முழுக்கச் சுருதியைத் தாங்கி நின்றவருக்கு நாம் கொடுத்த மரியாதை இது. ஒத்து ஊத அப்படியொன்றும் சுலபமில்லை என்று இதுவரை எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். தலையாட்டுவார்கள்.

மறுபடி பழமொழிக்கு வருவோம். பழமொழி பழசாக இருக்கும், சொல் மாறிக்கொண்டே வரும் என்பதற்கு நம்மிடம் ஆதாரமும் இருக்கிறது. முன்றுறை அரையனாரின் 'பழமொழி நானூறு' பாட்டுக்கு ஒரு பழமொழி வைத்த நூல். தவளை தன் வாயால் கெடும் என்று நாம் சொல்வதை அதில் 'நுணல்' என்ற சொல்லோடு பார்க்கலாம். நுணல் போய்த் தவளை வந்தது. கத்தி மாட்டிக்கொள்வது மட்டும் மாறவில்லை. நுணலை யாரும் வெட்டிப் பார்த்து அதற்குள் வேறு பொருள் தேடாமல் விட்டதே பெரிய விஷயம்.

பொங்கல் முடிந்து அக்கா ஊருக்குக் கிளம்பும் அன்று, பையனைக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பாயியின் குதிர் இப்போது முழுசாக இல்லை. இரண்டு உறை மட்டும் மாட்டுக்கொட்டகை ஓரமாகக் கிடக்கிறது. ஒன்றில் கோழி அடைகாக்கிறது. இன்னொன்றைத் துடைத்துக் காட்டி, இதுதான்டா குதிர் என்றேன். அடுக்கினால் எவ்வளவு உயரம் வரும், ஓட்டை எங்கே இருக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தபோதே அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கிக் குந்திக்கொண்டான். தலை மட்டும் வெளியே தெரிந்தது. அதையும் குனிந்து மறைத்துக்கொண்டான்.

வாசலில் கார் ஹாரன் அடித்தது. "எங்கடா இருக்க? நேரமாச்சு!" என்று அக்கா கத்தினாள்.

"நான் இங்க இல்லம்மா" என்றது குதிர்.